வெயிலில் கறிக்கோழி இரை எடுக்காதபோது செய்யக் கூடாதவை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் செங்குன்றம், பொன்னேரி பக்கத்துப் பண்ணைகளில் "கோழி இரையே எடுக்க மாட்டேங்குது" என்பதுதான் பேச்சு. உடனே பசி டானிக் வாங்க ஓடுகிறோம். நோய் என்று பயந்து ஆன்டிபயாடிக் கலப்பவர்களும் உண்டு. இதுதான் முதல் தவறு. மதிய வெயிலில் கோழி தின்னாமல் இருப்பது உயிரைக் காத்துக்கொள்ளத்தான். விடியற்காலைக் குளிர்ச்சியிலும் தீவனத்தட்டுப் பக்கம் வரவில்லை என்றால் நோயாக இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் சாதாரண நாளிலேயே 41 டிகிரி செல்சியஸ் இருக்கும். தின்றது செரிக்கும்போது உள்ளே மேலும் சூடு உண்டாகும். அதனால் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பசியை அடக்கிவிடுகிறது. சூட்டை வெளியேற்றுவதற்காக, குடலுக்குப் போக வேண்டிய ரத்தமும் தோலுக்குத் திரும்புகிறது. கிரெலின் என்ற ஹார்மோன் நமக்குப் பசியைக் கிளப்பும். கோழிக்கோ அதே ஹார்மோன் பசியைக் குறைக்கும்! நம் வயிற்றை வைத்துக் கோழியின் வயிற்றைக் கணக்குப் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

செரிமானச் சூடு தின்ற உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும். காலை 10 மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு மதியம் 1 மணிக்கு உள்சூடும் வெளிச்சூடும் ஒன்றாகச் சேரும். அது தாங்காமல் சாய்ந்துவிடும். ஆகவே மதியத்தில் தட்டைக் கிளறிவிட்டுத் தின்ன வைக்காதீர்கள். காலை 9 மணிக்குள் தட்டை உயர்த்திவிட்டு, வெயில் தாழ்ந்ததும் இறக்குங்கள். விடியற்காலையில் விளக்கைச் சீக்கிரம் போட்டால், பகலில் தின்னாமல் விட்ட தீனியில் ஒரு பங்கை அப்போதே தின்றுவிடும். இப்படித் தட்டை உயர்த்துவது 3 வாரம் தாண்டிய கோழிக்கு மட்டும். குஞ்சுகளைப் பட்டினி போடாதீர்கள். தட்டை இறக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் பாயும். தட்டு போதவில்லை என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முதுகைக் கீறிக்கொள்ளும்.

இன்னொரு தவறு, குறைவாகத் தின்கிறதே என்று புரதத்தை மட்டும் ஏற்றுவது. கொழுப்பைவிடப் புரதம்தான் செரிக்கும்போது அதிகச் சூடு தரும். கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களின் அளவைச் சரி பார்ப்பதே மேல். அப்புறம், எடைக் குறைவு முழுவதற்கும் தீனிக் குறைவே காரணம் என்றும் எண்ண வேண்டாம். அதே அளவு தீனியைக் குளிர்ந்த இடத்தில் தின்ற கோழி, வெயிலில் தின்றதைவிட நன்றாகவே வளரும்.

ஷெட்டுக்குள் தண்ணீரைப் பனிபோலத் தூவும் ஃபாகர் விஷயத்தில் சென்னைக்காரர்கள் காற்றைப் பார்க்க வேண்டும். மேற்குக் காற்று வறட்சியாக அடிக்கும்போது பனித்துளி தூவினால் ஷெட் குளிரும். கடற்காற்று ஏறிய பிறகு காற்றிலேயே ஈரம் அதிகம். அப்போது தூவினால் தரையில் பரப்பிய உமிதான் நனையும், மூச்சு இளைக்கும் கோழிக்கு இன்னும் மூச்சு முட்டும். ஃபாகரை நிறுத்திவிட்டு மின்விசிறியை ஓட்டுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். சாதாரணமாகத் தீனியைப் போல இரண்டு மடங்கு குடிக்கும் கோழி, வெயிலில் அதைவிட நிறையக் குடிக்கும். ஆனால் மொட்டை வெயிலில் நிற்கும் கறுப்பு டேங்கிலிருந்து சுடுதண்ணீர் வந்தால் அதையும் ஒதுக்கிவிடும். மதியம் 1 மணிக்கு நிப்பிளில் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) வரும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். சுட்டால் குழாயில் தேங்கியதைத் திறந்துவிடுங்கள், டேங்கைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி மேலே ஓலை வேயுங்கள்.