ஸ்பானிஷில் சாப்பாட்டுப் பெயர்கள்: தமிழில் எழுதி, காசிமேட்டில் பழகலாம்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிறவர்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சிலி நாட்டு வால்பரைஸோ, பெருவின் கயாவோ, மெக்சிகோவின் வெராக்ரூஸ் என்று கப்பல் எங்கே நின்றாலும், கரையிறங்கியதும் முதலில் தேடுவது சாப்பாட்டுக் கடையைத்தான். அந்தத் துறைமுகங்களில் பேசுவது ஸ்பானிஷ். சுமார் 20 நாடுகளில் அதுதான் ஆட்சிமொழி. வியாசர்பாடி மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கும் மெஸ்ஸி பேசும் மொழியில் ஆசை உண்டு. இந்தப் பதிவு இவர்களுக்காக. ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் ஸ்பானிஷ் நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. தமிழிலிருந்து நேராகவே போகலாம். உச்சரிப்பைப் பொறுத்தவரை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதைவிட அதுதான் நல்ல வழி. ஏன் என்பது முதல் படியிலேயே தெரிந்துவிடும்.

முதல் படி: சொல்லைத் தமிழில் எழுதும் முறை

ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் ஸ்பானிஷ் எழுத்தில் அந்தச் சொல், வலது பக்கம் தமிழ் எழுத்தில் அதன் ஒலி. இடது பக்கத்தை அகராதி பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். நான் இங்கே வலது பக்கத்தைச் சொல்லித்தருகிறேன். அவசரப்படாமல் படியுங்கள். இந்தப் படி பிடிபட்டால் மற்றவை சுலபம்.

ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. அவற்றில் குறில், நெடில் வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் இடத்தில் அழுத்தம் விழும். அழுத்தம் விழும் இடத்தை நெடிலாகவும் மற்ற இடங்களைக் குறிலாகவும் எழுதிவிட்டால் போதும், படிக்கும்போது அழுத்தம் தானாக வந்துவிடும். தக்காளிக்குத் தொமாத்தெ. ‘மா’வில் அழுத்தம். கடைசி எழுத்து ‘தெ’, அதை ‘தே’ என்று இழுக்கக் கூடாது. தமிழில் சொல்லின் முடிவில் எகரமும் ஒகரமும் குறிலாக வருவது அரிது என்பதால் முதலில் கண்ணுக்கு உறுத்தும். பழகிவிடும்.

அழுத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க விதி இருக்கிறது. உயிரெழுத்திலோ, என், எஸ் எழுத்துகளிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். மற்றவற்றுக்குக் கடைசி அசையில். எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு இருந்தால் விதியை விட்டுவிட்டு அங்கேயே அழுத்துங்கள். அந்தக் கோட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். பாப்ப என்றால் தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உருளைக்கிழங்கு, பப்பா என்றால் அப்பா.

அடுத்து மெய்யொலிகள். ஆங்கில டீ (t) எழுத்தை நாம் ‘ட’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்பானிஷில் அதே எழுத்துக்கு நம்முடைய ‘த’தான் ஒலி. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் ‘டொமாட்டோ’ வாடையோடு சொல்வார்கள். நாம் தொமாத்தெ என்று நேராகச் சொல்லலாம். ‘தாதி’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாவது ‘தி’ மென்மையாக வரும். ஸ்பானிஷின் டி (d) எழுத்தும் உயிரெழுத்துகளுக்கு நடுவே அப்படித்தான் மெலிகிறது. மீன் என்பதற்கான பெஸ்காதொ என்ற சொல்லில் வரும் ‘தொ’ அந்த ஒலிதான். இந்த ஒலிகளை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை.

அன்னாசிப்பழத்துக்குப் பீஞ. என் (n) எழுத்தின் மேல் நெளிகோடு போட்டிருப்பார்கள், அது நம்முடைய ஞகரம். இரண்டு எல் சேர்ந்து வந்தால் பெரும்பாலான இடங்களில் ‘ய’: கோழிக்கறி போயொ. எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. ஜே எழுத்துக்குத் தொண்டையிலிருந்து உரசி வரும் ‘ஹ’: பூண்டு ஆஹொ. ஆர் இரட்டித்தால் நாக்கு நுனி படபடவென்று அதிர வேண்டும், இதற்குப் பயிற்சி தேவை: அரிசிக்கும் சோற்றுக்கும் அர்ரோஸ். பீ, வீ இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி. சொல்லின் நடுவில் அது உதடுகள் முழுதாக ஒட்டாத ஒலி, நம்முடைய ‘ப’வுக்கும் ‘வ’வுக்கும் இடைப்பட்டது.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டிய இடம் இரண்டு. சொல்லின் தொடக்கத்தில் நம் ‘க’ வல்லொலிதான் தரும். மெல்லிய ஒலி தேவைப்படும் சொற்களில் அந்த எழுத்தின் கீழே கோடு போடுங்கள். காம்ப என்ற சொல்லின் ‘கா’ ‘காந்தி’யின் ‘கா’ போல ஒலிக்கும், அதனால் அதற்குக் கோடு. இரண்டாவது, ‘ந்த’ என்று எழுதினால் நாம் மெல்லிதாகப் படிப்போம். வல்லொலி வேண்டுமானால் ஒரு ‘த்’ கூட்டுங்கள்: பருப்புக்கு லென்த்தேஹ.

ஸ்பெயினில் சில ‘ஸ’ ஒலிகளை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்தில் வெறும் ‘ஸ’. நான் இரண்டாவதைப் பின்பற்றுகிறேன், அதிகம் பேர் பேசுவது அதுதான்.

இரண்டாம் படி: அடுக்களை

நாளுக்கு ஐந்தாறு சொல் போதும். பெயரோடு எல் அல்லது ல என்ற முன்சொல்லையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஸ்பானிஷில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. எல் ஆண்பாலுக்கு, ல பெண்பாலுக்கு. பின்னால் தனியாகப் பால் படிப்பது பெரிய தொல்லை, இப்போதே சேர்த்துப் படித்தால் அந்தத் தொல்லை இல்லை.

எல் அர்ரோஸ் – அரிசி, சோறு
எல் பான் – ரொட்டி, பன்
ல லேச்செ – பால்
எல் உவேவொ – முட்டை
ல ஸால் – உப்பு
எல் அஸூக்கர் – சர்க்கரை
எல் அஸேய்த்தெ – எண்ணெய்
ல ஸெபோய – வெங்காயம்
எல் ஆஹொ – பூண்டு
எல் ஆகுவ – தண்ணீர்
எல் கஃபே – காபி
எல் தே – டீ

தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். முன்னால் எல் வந்தாலும் அது பெண்பால்தான். அழுத்தமான ‘ஆ’வில் தொடங்குவதால் ஒருமையில் ல வராமல் எல் வருகிறது.

ஒரு துண்டுச்சீட்டில் எழுதி டப்பாக்களில் ஒட்டுங்கள். சமைக்கிறவர் அம்மாவோ அண்ணியோ, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “அந்த ஸால் எடு” என்று வீட்டில் நாலு பேர் சொன்னால் சொல் நிலைக்கும். பன்மைக்கு உயிரில் முடிந்தால் ஸ், மெய்யில் முடிந்தால் எஸ் சேர்க்க வேண்டும்: உவேவொஸ், பானெஸ்.

மசாலாப் பெட்டியில் ஒரே ஓர் எச்சரிக்கை. பிமியேன்த்த என்றால் மிளகு, பிமியேன்த்தொ என்றால் குடைமிளகாய். கடைசி எழுத்துதான் வித்தியாசம். சீரகம் கொமீனொ, கொத்தமல்லித்தழை ஸிலான்த்ரொ, மஞ்சள் கூர்க்கும. இப்போதைக்கு இவை போதும்.

மூன்றாம் படி: காசிமேடு

இதுதான் எனக்குப் பிடித்த படி. வடசென்னையில் இருந்துகொண்டு மீன் பெயர்களைப் படத்தைப் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. காலையில் காசிமேடு போனால் பாடம் முழுவதும் கூடையில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, வகைகள் குறைந்திருக்கும். அந்த நாட்களில் நான்காம் படியை முதலில் செய்துவிடுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை. கடலில் நீந்தும் மீன் பேஸ். பிடித்து உணவாகிவிட்ட மீன் பெஸ்காதொ. ஆகவே கூடையில் பார்ப்பதெல்லாம் பெஸ்காதொ.

எறா: மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவில் பல நாடுகளிலும் கமரோன், ஸ்பெயினில் பொதுவாகக் காம்ப. நண்டு: கங்க்ரேஹொ. கடம்பா: கலமார். மத்தி: ஸர்தீன. சூரை: அத்தூன். காணாங்கெளுத்தி வகைக்குக் கபாய. நெத்திலிக்கு ஸ்பெயினில் இரண்டு பெயர்: பச்சையாக வாங்கினால் பொக்கெரோன், உப்பில் பதப்படுத்தி டப்பாவில் வந்தால் அன்ச்சோவ. சங்கரா குடும்பத்து மீன்களுக்குப் பார்கொ. வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான மீனை மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஸியேர்ர என்கிறார்கள். கடலுக்குக் கடல் மீன் மாறும், அதனால் மீன் பெயர்கள் எல்லாம் துல்லியமாக ஒன்றுக்கொன்று பொருந்தாது. உறவுமுறை தெரிந்தால் உணவுப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியும்.

சிறு சுறாவுக்குக் கஸோன். மெக்சிகோவின் கம்பேச்செ ஊரில் பான் தெ கஸோன் என்று ஒரு பண்டம் பிரபலம். வேகவைத்து உதிர்த்த சுறாவை, அரைத்த பீன்ஸோடு சோளரொட்டிகளுக்கு நடுவே அடுக்கித் தக்காளிச் சாறு ஊற்றுவார்கள். சுறாப்புட்டு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அதைத் தயங்காமல் கேட்டு வாங்கலாம்.

பெயர் தெரிந்தபின் அதன் நிலையைச் சொல்லப் பழகுங்கள். ஃப்ரேஸ்கொ – புதியது. ஃப்ரீத்தொ – பொரித்தது. ஸேக்கொ – உலர்ந்தது. ஆகவே கருவாட்டைப் பெஸ்காதொ ஸேக்கொ என்று சொல்லிவிடலாம். பெண்பாலானால் கடைசி எழுத்து அகரமாகும்: ஸர்தீன ஃப்ரேஸ்க, ஸர்தீன ஃப்ரீத்த. கூறு கட்டி வைத்திருக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் நிலையும் வாய்க்குள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்று யோசிக்க இடம் இருக்காது, வார நாளில் போவது நல்லது.

அங்கே மீன்கடைக்காரரிடம் கேட்க இரண்டு வாக்கியம். மேதியொ கீலொ தெ கமரோனெஸ், போர் ஃபவோர்: அரைக்கிலோ எறா கொடுங்கள். மெ லொ லீம்ப்பிய?: சுத்தம் செய்து தருவீர்களா? விலை கேட்கக் குவாந்த்தொ குவேஸ்த?

நான்காம் படி: காய், பழம்

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, சோளம் என்று நாம் சொல்லும் மக்காச்சோளம், வேர்க்கடலை, பப்பாளி, கொய்யா, அன்னாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1498க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள், குறிப்பாகப் போர்ச்சுகீசியர், வழியாக நம் பக்கம் வந்தன. அவை பிறந்த மண்ணிலேயே பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதில் ஆச்சரியமில்லை.

உருளைக்கிழங்கு அங்கே பாப்ப, ஸ்பெயினில் பத்தாத்த. மிளகாய் மெக்சிகோவில் ச்சீலெ, பெருவில் அஹீ. வேர்க்கடலை மெக்சிகோவில் கக்கவாத்தெ, தென் அமெரிக்காவில் மனீ. அன்னாசி அர்ஜென்டினாவில் அனனா. நீங்கள் போகும் நாட்டின் சொல்லை முதலில் படியுங்கள். எந்த நாடு என்று தெரியாவிட்டால் மெக்சிகோ சொற்களோடு தொடங்குங்கள்.

மாறாமல் இருப்பவை: மாங்கொ மாம்பழம், கோக்கொ தேங்காய், தமரீந்தொ புளி, குவயாப கொய்யா, லிமோன் எலுமிச்சை, நரான்ஹ ஆரஞ்சு, கர்பான்ஸொ கொண்டைக்கடலை. இவற்றில் குவயாப, கர்பான்ஸொ இரண்டுக்கும் முதலெழுத்தின் கீழே கோடு.

ஐந்தாம் படி: கேட்டு வாங்குதல்

கியேரொ என்றால் ‘எனக்கு வேண்டும்’. மரியாதையாகக் கேட்கக் கிஸியேர. கொன் என்றால் ‘ஓடு’, ஸின் என்றால் ‘இல்லாமல்’. இந்த நாலும் இருந்தால் கடையில் நிற்கலாம். கிஸியேர ஊன் கஃபே கொன் லேச்செ, ஸின் அஸூக்கர், போர் ஃபவோர்: பால் சேர்த்த காபி, சர்க்கரை இல்லாமல்.

காரம் பிக்கான்த்தெ, சூடு கலியேன்த்தெ. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அதன் வழியாக வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தமிழில் இரண்டும் தனித்தனி, அப்படியே பொருத்திக்கொள்ளுங்கள்.

கறி சாப்பிடாதவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஸின் கார்னெ, அதாவது கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால், கோழியோ பன்றித்தொடைக் கறியோ மீனோ சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. ஸின் போயொ, ஸின் ஹமோன், ஸின் பெஸ்காதொ என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தொர்த்தீய என்பதிலும் கவனம் வேண்டும். மெக்சிகோவில் அது சோளத்திலோ கோதுமையிலோ சுட்ட ரொட்டி. ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடிமனான ஆம்லெட்.

ஆறாம் படி: நம் சாப்பாட்டை அவர்கள் மொழியில் சொல்வது

சொற்கள் ஓரளவு சேர்ந்ததும் தினமும் சாப்பிட்டதை ஒரு வரியில் சொல்லுங்கள். ‘உம்’ என்பதற்கு இ. மீன்குழம்புக்குப் பெஸ்காதொ கொன் தமரீந்தொ இ ச்சீலெ. சாம்பாருக்கு லென்த்தேஹஸ் கொன் தமரீந்தொ. பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டால் ஃபிதேயொஸ் கொன் ஸெபோய இ ஆஹொ, ஃபிதேயொஸ் என்றால் நூடுல்ஸ். பாயசத்துக்கு அவர்களிடமே அர்ரோஸ் கொன் லேச்செ இருக்கிறது, பாலில் அரிசி வேகவைத்துப் பட்டை தூவிய இனிப்பு.

சொன்னதை போனில் பதிவுசெய்து, ஸ்பானிஷ் பேசுபவரின் உச்சரிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அகராதிச் செயலிகளில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் கேட்கலாம். முதலில் அழுத்தம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள், ஒலியைத் திருத்துவது அப்புறம். அழுத்தம் தப்பினால் எதிரில் இருப்பவருக்குச் சொல்லே புரியாமல் போகலாம், ‘ர்ர’ சரியாக அதிராவிட்டால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

உண்மையான ஆளிடம் பேசும்போது பதில் வேகமாக வரும். அதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வையுங்கள்: மாஸ் தெஸ்பாஸியொ, போர் ஃபவோர். இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று பொருள். சாப்பிட்டு முடித்தபின் பில் கேட்க ல குவேன்த்த, போர் ஃபவோர்.