வேலை தேடும்போது ஏஜென்சியை நம்பி நான் செய்த தவறுகள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஆட்குறைப்பு என்று பேச்சு கிளம்பினால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்குள் வாட்சாப்பில் "ஹாய் பிரதர், வேலை பார்க்கிறீர்களா?" என்று செய்தி வரத் தொடங்கிவிடும். ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் கடிதத்தோடு வெளியே வந்தவன் நான். அடுத்த ஐந்து மாதம் வேலைவாய்ப்பு ஏஜென்சிகளோடுதான் பொழுது போனது. என் பணத்தை யாரும் பிடுங்கவில்லை. ஆனாலும் என்னை வைத்து அவர்கள் நன்றாகவே பிழைத்தார்கள். எப்படி என்று புரிவதற்கே எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு ஏஜென்சிக்குக் காசு தருவது பெரும்பாலும் கம்பெனிதான். வேலை தாராளமாகக் கிடைக்கிற காலத்தில் ஆளுக்குத் தட்டுப்பாடு, அதனால் நம்மைத் தாங்குவார்கள். சந்தை படுத்துவிட்டால் ஆள் வரிசையில் நிற்கும், ஆள் கேட்கிற கம்பெனி இருக்காது. அந்தக் கம்பெனிகளை எங்கே போய்த் தேடுவது? நம் வாயைக் கிளறித்தான்.

நான் செய்த முதல் தவறு அங்கேதான். "வேறு எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் பிரதர்? ஒரே இடத்துக்கு மறுபடியும் அனுப்பிவிடக் கூடாதே, அதனால்தான் கேட்கிறேன்" என்றார் ஒரு ஏஜெண்ட். நியாயமாகத்தான் பட்டது. பிறை நகரில் நேர்முகத்துக்குப் போயிருந்த கம்பெனி, அங்கே என்னைப் பார்த்த மேனேஜர் பெயர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அங்கே வேலை செய்யும் நண்பன் பிறகு சொன்னான்: அதே வாரத்தில் அந்த ஏஜென்சியிலிருந்து மூன்று பேருடைய ரெசுமே அந்த மேனேஜருக்குப் போயிருக்கிறது. எனக்கு நானே போட்டி பிடித்துக் கொடுத்திருந்தேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால், "நீங்கள் அனுப்பப் போகிற கம்பெனியின் பெயரைச் சொல்லுங்கள், ஏற்கனவே போயிருந்தால் நானே சொல்லிவிடுகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரெஃபரன்ஸ் கேட்பதும் இதே கதைதான். பதிவு செய்யும் பாரத்திலேயே பழைய மேலாளர்கள் இருவருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்பார்கள். நான் கொடுத்தேன். என் பழைய மேலாளருக்கு மூன்று முறை போன் போயிருக்கிறது, என்னைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, "உங்கள் பிரிவுக்கு ஆள் தேவைப்படுகிறதா சார்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர், கோபப்படவில்லை. எனக்குத்தான் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. நேர்முகம் முடிந்து, கம்பெனியே கேட்கும்போது ரெஃபரன்ஸ் கொடுத்தால் போதும்.

ரெசுமே விஷயத்தில் இரண்டு பொறி இருக்கிறது. "எங்களுக்குத் தெரிந்த இடமெல்லாம் அனுப்புகிறோம்" என்று ஏஜென்சி சொன்னால் நாம் மகிழ்ந்துபோகிறோம். ஒரே ஆளின் ரெசுமே இரண்டு ஏஜென்சி வழியாக ஒரே கம்பெனிக்குப் போனால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலைவலி எதற்கு என்று சில கம்பெனிகள் ஆளையே ஒதுக்கிவிடும். ஏன் கூப்பிடவில்லை என்று நமக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் கம்பெனிப் பெயரைச் சொல்லி, என் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்று வாட்சாப்பில் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. எங்கே, யார் மூலம், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, ரெசுமேயைத் திருத்துவது. நம் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தங்கள் முகப்புத்தாளில் போடுவது வழக்கம்தான். அதற்கு மேலும் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் என் சித்தி மகள் நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே இருந்த அம்மா திடீரென்று மாண்டரினில் பேச ஆரம்பித்துவிட்டார். பார்த்தால், இவளுடைய ரெசுமேயில் "மாண்டரின் சரளம்" என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை படித்தது செந்தூல் தமிழ்ப்பள்ளியில்! பிடிஎஃப் ஆக அனுப்பினாலும் திருத்த நினைப்பவர் திருத்துவார். அதனால் சொந்தப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்ததும் கொடுத்துவிடுவது நல்லது.

மாதக்கணக்கில் மாறாமல் கிடக்கும் விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலையே இருக்காது, ரெசுமே சேர்ப்பதற்காகப் போட்டது. இந்த இடம் எப்போது காலியானது, யாருக்குக் கீழே வேலை, நேர்முகம் எந்த வாரம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் "கிளையண்ட் ரகசியம்" என்றே பதில் வந்தால் ஐசி (அடையாள அட்டை) நகலை அனுப்பாதீர்கள்.

அப்புறம் பணம். 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி ஏஜென்சிக்குத் தொழிலாளர் இலாகாவின் உரிமம் வேண்டும். எஸ்எஸ்எம் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையம்) பதிவு எண்ணைக் காட்டி "நாங்கள் ரெஜிஸ்டர் செய்த கம்பெனி" என்பார்கள். பூக்கடைக்கும் எஸ்எஸ்எம் பதிவு உண்டு, அது உரிமம் ஆகாது. உரிமம் உள்ளவர்களின் பெயரில் "அகென்சி பெக்கெர்ஜாஆன்" (மலாயில் வேலைவாய்ப்பு ஏஜென்சி) என்ற சொற்கள் இருக்கும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. உள்நாட்டு வேலைக்கு நம்மிடம் வாங்கக்கூடிய அமர்த்தும் கட்டணம், முதல் மாத அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2,400 வெள்ளி சம்பளம் என்றால் அதிகபட்சம் 600. வேலை கிடைக்கும் முன்பே பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். நாளை பார்க்கலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

ஒப்பந்த வேலை என்றால் ஒரே ஒரு கேள்வி: இபிஎஃப்பும் (சேமநிதி) சொக்சோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) யார் பெயரில் கட்டப்படும்? ஏஜென்சியே முதலாளி என்றால் அதில் தவறில்லை, ஆனால் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அதிக நஷ்டம் வைத்த தவறு வேறு. "வரும் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்துவிடுவீர்கள்" என்று ஒருவர் வாராவாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நம்பி, பெர்கேசோவில் (சொக்சோவின் மலாய்ப் பெயர்) வேலை இழப்புக் காப்புறுதிக்கு மனு செய்யாமல் இருந்தேன். ஆட்குறைப்பில் வெளியேறியவர்களுக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், அதற்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனு செய்தாக வேண்டும். அதே பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் வேலை தேட ஒரு காசு செலவில்லை, அதையும் நான் திறந்து பார்க்கவில்லை. மனைவி திட்டித் திட்டி என்னைக் கிளப்பியது 57-வது நாள். பணிநீக்கக் கடிதம், ஐசி, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் முகப்பில் நீட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி நிமிர்ந்து, "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.