மஸ்கிக்குப் போகமுதல் சுவரைப் பாருங்கோ

ஒன்ராறியோவில் தூண்டில் போடுகிற எங்கட ஆக்கள் பெரும்பாலும் சட்டிக்குத்தான் மீன் பிடிக்கிறவை. பேர்ச், கிரப்பி, புரட்டாசியில் சமன்; ஐஸ்பெட்டி நிரம்பினால் வீட்டிலும் சந்தோசம். மஸ்கி (மஸ்கெலஞ்ச்) என்கிற பெரிய ஏரிமீன் அந்தக் கணக்கில் வராது. ஊரில் சீலாவைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை: அதே நீட்டு உடம்பு, அதே பல்லு, அதே பொல்லாத குணம். நாள் முழுக்க எறிந்தாலும் கிட்ட வராது. வந்தால் நாலடியில் வரும். அந்த நேரம் போட்டில் ஒருத்தர் வலையைத் தேடுவார், மற்றவர் போனைத் தேடுவார், மூன்றாவது ஆள் "மச்சான், இதைக் கட்டாயம் சுவரில் மாட்டவேணுமடா" என்று கத்துவார். அப்போது எடுக்கிற முடிவு உருப்படாது. எப்படி மாட்டப்போகிறோம் என்பதை வீட்டிலேயே, வெறும் சுவரைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுத்தான் ஏரிக்குப் போகவேணும். மீன் வலைக்குள் வந்த முதல் நிமிசத்திலிருந்தே செய்யவேண்டியது முறைக்கு முறை வேறு.

முறை இரண்டுதான். ஒன்று தோல் மவுண்ட். இதற்கு மீன் சாகவேணும். சுவர்ப்பக்கம் வரப்போகிற விலாவைக் கீறி, சதையையும் முள்ளையும் எடுத்து, தோலைப் பதப்படுத்தி, நுரையில் செதுக்கிய உடம்பின்மேல் போர்த்துவினம். அது காயக் கிழமைக்கணக்கில் எடுக்கும். காய்ந்த தோலில் மீனின் நிறம் நிற்காது, மங்கி மண்ணிறமாகிவிடும். ஆகவே தலை தொடக்கம் வால் மட்டும் எயார்பிரஷ் பெயின்ற். கண் கண்ணாடிக் கண். "இது உண்மையான மீன்" என்று பெருமையாகக் காட்டுகிற மவுண்டில் நாங்கள் பார்க்கிறது பெயின்றைத்தான்.

மற்றது றெப்ளிக்கா. உங்கள் மீன் திரும்ப ஏரிக்குப் போகும். அதே நீளமும் பருமனும் உள்ள வேறொரு மீனிலிருந்து முன்பே எடுத்து வைத்த அச்சில் ஃபைபர்கிளாஸ் உடம்பு வார்த்து, நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்துப் புள்ளிக்குப் புள்ளி பெயின்ற் அடிப்பினம்.

மஸ்கிக்கு என்னைக் கேட்டால் றெப்ளிக்காதான். ஐம்பது அங்குல மஸ்கி என்றால் அநேகமாகப் பெண் மீன், வயது பதினைந்துக்கு மேல் இருக்கும். ஏரியில் இந்த மீன் எப்போதுமே கொஞ்சந்தான். சட்டமும் அந்தப் பக்கந்தான் நிற்கிறது. விலை குறைவென்று கொன்சர்வேஷன் லைசன்ஸ் எடுத்தவர் மஸ்கியை வைத்திருக்கவே ஏலாது. ஸ்போர்ட் லைசன்சுக்கு ஒன்று, அதுவும் அளவு பார்த்து: கவார்த்தா ஏரிகள் வருகிற 17ஆம் மீன்பிடி வலயத்தில் 112 சென்ரிமீற்றருக்கு மேல், ஜோர்ஜியன் பேயில் 137 சென்ரிமீற்றருக்கு மேல். அந்தந்த ஏரிக்கு விதிவிலக்கு இருக்கும், ஆகவே அந்த வருசத்து விதிப் புத்தகத்தை மாகாண அரசின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கோ. மஸ்கியின் சொந்தக்கார மீனான பைக்கையும் மஸ்கியையும் மாறி நினைக்கிறவர்கள் கனபேர். கீழ்த்தாடையின் அடியில் ஒரு பக்கத்தில் உள்ள ஊசித்துளைகளை எண்ணுங்கோ: ஐந்து அல்லது குறைய என்றால் பைக், ஆறும் அதற்கு மேலும் என்றால் மஸ்கி. உடம்பிலும் தெரியும், பைக்குக்குக் கருமையில் வெளிர்ப்புள்ளி, மஸ்கிக்கு வெளிர்நிறத்தில் கருங்கோடு அல்லது கரும்புள்ளி.

இனிப் பிடிக்கிற கதை. சமனுக்கு வாங்கிய ரொட் இதற்குச் சரிவராது. எட்டரை, ஒன்பதடி ஹெவி ரொட், பெரிய பெயிற்காஸ்ட் ரீல், 80 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னிய நூல். தங்கூசியை மறந்துவிடுங்கோ, அது இழுபடும், கொளுக்கி அந்தத் தாடையில் ஏறாது. நூலுக்கும் இரைக்கும் நடுவில் லீடர் என்கிற பலமான துண்டு கட்டாயம்: 100 இறாத்தலுக்குக் குறையாத ஃபுளோரோகார்பன் லீடர் அல்லது கம்பி லீடர். லீடர் இல்லாமல் எறிந்தால் பல்லு நூலை அறுத்துவிடும், மூன்று கொளுக்கி வாயில் தொங்க மீன் போய்விடும். பொய் இரைக்குத் தொடங்குகிறவர்கள் இரட்டைத் தகடு பக்ரெயில் (தகடு சுழல்கிற, மயிர்க்குஞ்சம் வைத்த இரை) ஒன்றும் பெரிய ரப்பர் மீன் ஒன்றும் வாங்கினால் போதும். கடைச் சுவரில் இருக்கிற மிச்சமெல்லாம் எங்கட பொக்கற்றைப் பிடிக்கச் செய்தவை.

ரொறன்ரோவிலிருந்து கிட்டவென்றால் கவார்த்தா: பிஜன், பக்ஹோர்ன், ஷெமோங், ஸ்கூகொக். இங்கே மஸ்கி ஓரளவு கிடைக்கும், ஆனால் ஐம்பது அங்குலம் அபூர்வம். சுவருக்கென்றே போகிறவர்கள் ஜோர்ஜியன் பே, சென்ற் லோறன்ஸ், ஒட்டாவா ஆறு, நிப்பிசிங், லேக் ஒஃப் த வூட்ஸ் பக்கம் போவினம். கவார்த்தாவில் சீசன் ஜூன் முதல் சனி தொடங்கி டிசம்பர் 15 மட்டும். கோடையில் நீர்க்களையின் வெளி விளிம்பை விடாமல் எறியுங்கோ. களை முடிந்து ஆழம் விழுகிற கோட்டில்தான் அது படுத்திருக்கும். இலையுதிர் காலத்தில் பாறை முனைகளையும் ஆழச் சரிவுகளையும் ஒட்டிப் பெரிய பொய் இரையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது நல்லது. மீன் கொழுத்திருப்பதும் அப்போதுதான். தண்ணீர் 27 பாகை செல்சியசைத் தாண்டினால் மஸ்கிக்குப் போகாதேங்கோ. விட்ட மீன் நீந்திப் போகும், ஆனால் ஆழத்தில் போய்ச் செத்துவிடும்.

மஸ்கிக்கே உரிய ஒரு வேலை இருக்கிறது: எட்டுப் போடுகிறது. மீன் இரையைப் பின்தொடர்ந்து போட் மட்டும் வரும், கடிக்காது. மற்ற மீன் என்றால் அதோடு கதை முடிந்தது. இங்கே ஒவ்வொரு எறிதலின் கடைசியிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ரொட் நுனியைத் தண்ணீருக்குள் ஆழமாக அமிழ்த்தி, இரைக்கும் நுனிக்கும் இடையில் லீடர் நீளம் மட்டும் விட்டு, அகலமான எட்டு வரையவேணும். வளைவு சின்னதாக இருந்தால் நாலடி மீன் திரும்ப மாட்டாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இரையைச் சற்று மேலே எடுத்து வேகம் கொடுங்கோ. அநேகமாக அந்த இடத்தில்தான் அடிக்கும். கை சோர்ந்து இரண்டு வட்டத்தோடு நிற்பாட்டாதேங்கோ. இருட்டுகிற நேரம் போட்டின் கீழ் நிற்கிற மீன் எங்கட கண்ணுக்குத் தெரியாது.

கடித்தபிறகு சண்டையை நீட்டவேண்டாம். இழுத்து, தலை முன்னுக்கு வர, ரப்பர் பூசிய பெரிய வலைக்குள் எடுங்கோ. எடுத்த வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். நீட்டுக் குறடு, கொளுக்கி வெட்டுகிற கட்டர் இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் வேணும். கழற்றுவது கஷ்டமென்றால் கொளுக்கியை வெட்டுங்கோ. கொளுக்கி இரண்டு டொலர். அளவுப் பலகையை நனைத்து, போனை மற்றவர் கையில் கொடுத்து, எல்லாம் தயாரான பிறகுதான் மீனைத் தூக்கவேணும். ஒரு கை செவுள்மூடிக்குள் தாடையெலும்பை ஒட்டி, செவுளைத் தொடாமல், மற்றக் கை வயிற்றின் கீழ், மீன் கிடையாக. தலைகீழாகத் தூக்கிப் படமெடுக்கிற பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கோ.

றெப்ளிக்காவுக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது நீளம், சுற்றளவு, படம். வாய் மூடியிருக்க மூக்கு நுனியிலிருந்து, வாலை ஒடுக்கிப் பிடித்த நுனி மட்டும் நீளம். தையற்காரர் நாடாவால் வயிற்றின் ஆகப் பருத்த இடத்தில் சுற்றளவு. நிறை வேணுமென்றால் அங்குலத்தில் சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் பிரித்தால் இறாத்தல் கிட்டத்தட்ட வரும். ஒன்ராறியோவின் சாதனை மஸ்கியில் பரீட்சித்துப் பாருங்கோ. 1988 ஒக்ரோபரில் கென் ஓ'பிரையன் ஜோர்ஜியன் பேயில் பிடித்தது: நீளம் 58 அங்குலம், சுற்றளவு 30.5. கணக்கில் 67 இறாத்தல் சொச்சம், தராசில் 65. இத்தனைக்கும் மனுசன் போனது வோல்ஐ மீனுக்கு, போட்டது நாலங்குல றப்பலா பொய் இரை.

படம் ஒன்று போதாது. நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஃபேஸ்புக்குக்கு. பெயின்ற் அடிக்கிறவருக்கு வேண்டியது வேறு: சுவரில் தெரியப்போகிற விலா முழுதாக, செவுள்மூடி கிட்டவாக, விரிந்த வாலும் முதுகுச் செட்டையும், கண். ஃபிளாஷ் வேண்டாம், ஈரத் தோலில் வெள்ளை வெள்ளையாக அடித்து நிறம் தெரியாது. ஒவ்வொரு தூக்கலும் பத்துப் பதினைந்து விநாடி, பிறகு தண்ணீருக்குள். விடும்போது வாலடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருங்கோ, முன்னும் பின்னும் ஆட்டாதேங்கோ. போகத் தயாரானால் அதுவே கையை உதறும்.

மீன் செத்துவிட்டது, அளவும் சட்டத்துக்குள் இருக்கிறது என்றால் தோல் மவுண்ட் பற்றி யோசிக்கலாம். அப்படியென்றால் எங்கட கை பழகிய வேலை ஒன்றையும் செய்யக்கூடாது. வயிறு கீறக்கூடாது, செதில் சுரண்டக்கூடாது, செவுளில் கயிறு கோர்த்து இழுக்கக்கூடாது. நிறம் மங்கமுதல் படமெடுத்து, செட்டைகளை உடம்போடு ஒட்டப் படுக்கவைத்து, ஈரத் துவாயால் சுற்றி, காற்றுப் போகாமல் பிளாஸ்ரிக்கால் மூடி, தட்டையான பலகையில் வைத்து ஃபிரீசரில் போடுங்கோ. வாலுக்குப் பக்கத்தில் மட்டை ஒன்று வையுங்கோ. உறைந்த வால் முறிந்தால் ஒட்டித்தான் எடுக்கவேணும். மேலே பெரிய எழுத்தில் "குழம்புக்கு அல்ல" என்று எழுதாவிட்டால் பிறகு என்னைக் குறை சொல்லவேண்டாம். சமனையும் ட்ரவுட்டையும் தோலில் செய்யச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கினம். நான் மாட்டேன் என்பேன். அந்தத் தோலில் எண்ணெய் கூட. நன்றாகச் செய்யாவிட்டால் சில வருசத்தில் கசிந்து மஞ்சளடிக்கும். தலை காயச் சுருங்குவதால் பல நேரம் வார்த்த தலைதான் பொருத்துவினம். சமனைக் கறிவையுங்கோ.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது புதிதாகச் செய்ததைக் காட்டச் சொல்லாமல், ஐந்தாறு வருசம் பழசானதைக் காட்டச் சொல்லுங்கோ. கிட்டப் போய்ப் பாருங்கோ. கண் இரண்டும் ஒரே மட்டத்தில் முன்னுக்குப் பார்க்குதா? செட்டையைப் பின்னாலிருந்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுதா, பிளாஸ்ரிக் தகடு மாதிரி அடைக்குதா? வாய்க்குள் எட்டிப் பாருங்கோ. மேலே அருமையாக அடித்துவிட்டு உள்ளுக்கு ஒரே சிவப்பைப் பூசிவிடுகிறவர்கள் இருக்கினம். வயிற்றின் கீழே அச்சின் பொருத்துக்கோடு தெரியக்கூடாது. விலை அங்குலக் கணக்கு. ஐம்பது அங்குலத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல் எதிர்பாருங்கோ. ஒரு வருசம் காத்திருக்கிறதும் வழமைதான். எந்த நீள அச்சு, எந்தப் பக்கம், எந்த வளைவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுங்கோ.

சுவரை முதலில் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். மீன் கதவைப் பார்த்து நீந்தவேணும். மூலையை முட்டிக்கொண்டு நிற்கிற மீன் பார்க்கவே எரிச்சல். மூலை வலப்பக்கம் என்றால் தலை இடம், அதாவது இடது விலா. அந்த விலாவைத்தான் நீங்கள் படமெடுத்திருக்கவேணும். நேரான உடம்பு சுவரோடு ஒட்டி நிற்கும். வளைத்தது உயிரோட்டமாக இருக்கும், ஆனால் ஓரடி வெளியே தள்ளும், ஒடுங்கிய கொண்டோ நடையில் தோளில் இடிபடும். வெயில் நேரே விழுகிற சுவரும் நெருப்பிடத்தின் மேற்பக்கமும் வேண்டாம். அடுப்படியை ஒட்டிய சுவரும் வேண்டாம். எங்கட தாளிப்பு எண்ணெயும் புகையும் படிந்தால் பெயின்றைத் துடைத்துத் துடைத்தே அழித்துவிடுவீர்கள். தூசுக்கு மெல்லிய தூரிகை, தலையிலிருந்து வால்பக்கமாக.

கீழே பித்தளைத் தகடு ஒன்று வைக்கிறதென்றால் ஏரி, திகதி, நீளம், சுற்றளவு எழுதுங்கோ. தராசில் போடாத மீனுக்கு நிறை எழுதவேண்டாம்.