வேனுக்கு ரிவர்ஸ் கேமரா: படத்துக்கு முன்னால் வயரைப் பாருங்கள்

என் ஹையேஸ் வேனில் பின்கதவைப் பாதி தூக்கினால் கேமராவில் படம் வரும், மூடினால் திரை கறுத்துவிடும். பத்து நாள் இந்தக் கண்ணாமூச்சி. கேமராதான் போய்விட்டது என்று புதுசு வாங்கக் கிளம்பியவன், ஒரு சந்தேகத்தில் கதவுக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தேன். வயரின் மேல்தோல் புதுசு மாதிரியே இருந்தது, விரலால் மடக்கினால் மட்டும் ஓரிடத்தில் தொளதொளவென்று வளைந்தது. உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. பூட்டிக் கொடுத்தவர் கொஞ்சம்கூடத் தளர்ச்சி விடாமல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார், சாமான் ஏற்றி இறக்க நாளெல்லாம் கதவைத் திறந்து மூடுகிற வண்டியில் அது எத்தனை நாள் தாங்கும்?

அடுத்ததை நானே பூட்டினேன். வாரநாளில் டெலிவரி, லீவில் அதே வேனில் மெத்தை போட்டு மலேசியா பக்கம் குடும்பத்தோடு போய்த் தூங்குவோம், அதனால் பின்கண்ணாடியை எப்போதும் ஏதாவது மறைத்துக்கொண்டிருக்கும். உள்கண்ணாடி சும்மா அலங்காரத்துக்குத்தான். இப்படிப்பட்ட வண்டிக்கு, அந்தக் கண்ணாடி மேலேயே மாட்டுகிற திரைதான் என் தேர்வு. டேஷ்போர்டில் 7 அங்குலத் திரையை ஒட்டினால் வெயிலில் பசை இளகிக் கீழே விழும்.

கேமராவில் மூன்று விஷயம் பாருங்கள். முதலில் வோல்ட். வேன் 12, பெரிய லாரி 24, அதனால் லாரிக்காரர்கள் 12 மட்டும் தாங்குகிற கேமராவை வாங்கிவிடாதீர்கள், எரிந்துவிடும். அடுத்தது தண்ணீர். பெட்டியில் தூசி, தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்கிற ஐபி எண் இருக்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், நம் ஊர் மழைக்கு அது போதும். பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுகிறவர்கள் ஐபி69கே எடுங்கள். மூன்றாவது, கேமராவும் திரையும் ஒரே பாஷை பேச வேண்டும். ஏஹெச்டி (துல்லியமான புது வீடியோ முறை) கேமராவைப் பழைய சிவிபிஎஸ் (சாதாரண வீடியோ முறை) திரையில் செருகினால் படமே வராது, கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று சொன்னாலும் அங்கேயே பேட்டரி கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வயர்லெஸ் எனக்குப் பிடிக்காது. படம் ஒரு நொடி பிந்தினால்கூடத் தூணில் இடித்த பிறகுதான் தூண் தெரியும்.

கார் செட்டோடு வருகிற 6 மீட்டர் வயர் போதாது. வண்டி நீளம் 4.7 மீட்டர்தான் என்றாலும் வயர் கதவில் ஏறி, கூரையோரமாக ஓடி, முன்னால் இறங்க வேண்டும். 10 மீட்டர் வாங்குங்கள். கீழ்வழியாகக் கொண்டுபோக நினைக்காதீர்கள், ஹையேஸில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சூட்டில் வயர் உருகும்.

மறைப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளியிலேயே இணைத்துச் சோதியுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் 'ஆன்'-இல் வைத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள், வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை வைத்தால் ரிவர்ஸ் விளக்கு வயரில் 12 வோல்ட் பக்கம் காட்டும். ரிவர்ஸில் மட்டும் படம் வேண்டுமென்றால் மின்சாரத்தை அங்கிருந்தே எடுக்கலாம். என்னை மாதிரி ஓட்டும்போதெல்லாம் பின்னால் பார்க்க வேண்டுமென்றால் ஏசிசி மின்சாரத்தை (சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது) சின்ன ஃபியூஸ் வழியாகக் கொடுத்து, வீடியோ வயரோடு வருகிற, ரிவர்ஸ் போட்டதைத் திரைக்குச் சொல்கிற சிவப்பு டிரிகர் வயரை மட்டும் ரிவர்ஸ் விளக்கில் சேருங்கள். புது வண்டிகள் சிலவற்றில் அந்த விளக்கு விட்டுவிட்டு மின்சாரம் வாங்கும், படம் துடிக்கும். அப்போது நடுவில் ஃபில்டர் உள்ள ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சின்ன சுவிட்ச்) போட வேண்டும். வாரண்டி இருக்கிற வண்டியென்றால் வயரை வெட்டுவதற்கு முன் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த ரப்பர் குழாய். வயரைத் தனியாக வெளியே விடாமல் குழாய்க்குள்ளேயே நுழையுங்கள். கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, நுனியில் வயரை டேப் போட்டுக் கட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். கதவை முழுதாகத் தூக்கி வைத்துக்கொண்டு நீளத்தை அளந்து, அதற்கு மேல் இரண்டு விரல் தளர்ச்சி விட்டுக் கட்டுங்கள். இணைப்பு எதுவும் குழாய்க்குள் வரக் கூடாது.

கேமராவைக் கதவின் மேல்விளிம்பில் வைத்துச் சாய்த்தால் திரையின் அடியில் பம்பர் கொஞ்சம் தெரியும், அதுதான் சரியான கோணம். நம்பர் பிளேட்டையும் அதன் விளக்கையும் எதுவும் மறைக்கக் கூடாது. பம்பரிலிருந்து 1 மீட்டரில் ஒரு மைலோ டின்னை வைத்துத் திரையில் சிவப்புக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கோடு கார் உயரத்துக்குப் போட்டது, வேனில் பொய் சொல்லும். படத்தில் இடது வலது மாறியிருந்தால் பெரும்பாலான கேமராக்களில் அதற்கென்று ஒரு சின்ன வளைய வயர் இருக்கும், எது என்று தாளில் பார்த்து வெட்டுங்கள். கீழே பார்க்கிற கேமராவுக்கு மேலே இருப்பது தெரியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், மாடிக் கார்பார்க்கில் தொங்குகிற குழாயும் உத்தரமும் அதில் வராது.

முதல் பெரிய மழைக்கு அடுத்த நாள் காலையில் லென்ஸைப் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.