புரட்டாசியில் வேலூர்ப் பக்கம் வருகிறீர்களா?

கனடாவிலோ ஜெர்மனியிலோ மேப்பிள் இலை சிவக்கும் நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போடுகிறீர்கள் என்றால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அப்போது இலை உதிராது. நம் காட்டு மரங்கள் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். புரட்டாசி, ஐப்பசியோ காய்ந்த கரட்டில் பச்சை ஏறும் காலம். பெரும்பாலோர் டிசம்பர் விடுமுறைக்குத்தான் வருகிறார்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியில் வந்து இறங்குங்கள் என்பேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். அதற்கு முந்தைய வாரங்களில் பகலில் வெயில் காயும், சாயந்திரம் இடி இடிக்கும், பல நாள் ராத்திரி மழை கொட்டும். விடிந்தால் ஜவ்வாது மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரியும்.

ஒரே நாளில் ஏலகிரி, அமிர்தி என்று வண்டி வைத்துச் சுற்ற வேண்டாம். சொந்த ஊர் ஏரிக்கரையில் ஒரு இடம் பார்த்து, மூன்று நாள் காலையில் அதே இடத்தில் உட்காருங்கள். பொழுது ஆறு மணிக்கு விடியும், ஐந்தே முக்காலுக்கே போய்விடுங்கள். மதகுப் பக்கம் ஈரமண்ணில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவது வாலாட்டி. கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காருவது தகைவிலான். வேலிமுள் உச்சியில் தனியாக இருந்து கரகரவென்று கத்துவது பழுப்புக் கீச்சான். மூன்றும் வடக்கே குளிர் தொடங்கியதும் இறங்கி வருபவை. முதல் நாள் உங்களைக் கண்டு எழும்பிய கொக்கு மூன்றாம் நாள் பக்கத்திலேயே மேயும். பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள், 8x42 போதும். ட்ரோன் வேண்டாம்: வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது.

அப்புறம், வீட்டுக் கிணற்றடியைக் கவனியுங்கள். போன ஐப்பசியில் எங்கள் வீட்டு வாழை மரத்தடியில் சருகு புரளும் சத்தம் கேட்டது. ஓணான் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், மைனாவைவிடச் சின்னதாக ஒரு குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, கண்ணை மூடி ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு சருகைப் புரட்டும், நிற்கும், புழுவை இழுக்கும், இரண்டு தத்து தத்தும். ஆறுமணிக்குருவி! விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரியில் பறந்து தெற்கே வருகிறது. அலுத்துப்போய்ச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுந்து கிடந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடி வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் திறந்து விட்டால் போய்விடும்.

பிள்ளைகளோடு வந்தால் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் கொல்லைக்குக் கூட்டிப் போங்கள். ஆடியில் விதைத்தது இப்போதுதான் பிடுங்குவார்கள். கொத்தோடு இழுத்து, மண் உதறி, பச்சையாக ஒன்றை உரித்துத் தின்னக் கொடுங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் வெல்வெட் துணியை உருட்டியதுபோல் சிவப்பாகத் தம்பலப்பூச்சி ஊரும். உள்ளங்கையில் ஏற விட்டுப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். வேலியில் தீ எரிவதுபோல் பூத்திருப்பது செங்காந்தள். கண்ணால் பார்ப்பதோடு சரி, அதன் கிழங்கும் விதையும் கொடிய விஷம். மயிலிறகு கிடைத்தால் பாட்டி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதி இல்லை.

அந்தி ஈசல் பூத்தால் அடைமழை என்பார்கள். ஈசலைத் தேடித் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். அதனால் இருட்டினால் டார்ச்சும் ஷூவும் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்கும், அங்கே விடியற்காலை தனியாகப் போகக் கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே வேண்டாம். மலைப்பக்கம் போனால் சாலையோரம் கூடையில் விற்கும் சீத்தாப்பழம் வாங்குங்கள், அதற்கு இதுதான் பருவம்.

கிளம்புவதற்குள் நல்ல மழை பிடித்து ஏரி நிரம்பிக் கோடி போனால், டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். தண்ணீர் விழும் சத்தம் ராத்திரி வீட்டுத் திண்ணை வரை கேட்கும். விடிந்ததும் ஊரே கரைமேல் நிற்கும். இழுப்பு அதிகம், பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். கரையில் நின்றாலே கெண்டை எகிறுவது தெரியும்.