ஆசியான் ஒப்பந்தச் சலுகையை ஏற்றுமதியாளர்கள் இழக்கும் இடங்கள்

இந்தியாவும் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் நாடுகளும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் கடந்த பின்னும், திருப்பூரில் ஏற்றுமதி ஆவணப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்களைத் திணறவைத்த அதே தவறுகளையே செய்கிறார்கள். இன்வாய்ஸ் எண் மாறிப்போவது, முகவரியில் எழுத்துப்பிழை போன்றவற்றை ஓரிரு மாதங்களில் அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

உள்ளே வரும் சான்றிதழை வேண்டாம் என்று சொல்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இந்த ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, இந்தியாவில் முழுவதுமாக விளையாத, வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த ஒரு பொருள், வாங்கும் நாட்டில் இறக்குமதி வரிச் சலுகை பெற வேண்டுமானால், அதன் எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில்) குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்தப் பகுதிக்குள் உருவானதாக இருக்க வேண்டும். வெளி மூலப்பொருளை வகைப்படுத்தும் ஆறு இலக்கச் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். நூல் ஆடையாகும்போது எண் தானாக மாறிவிடும். சிக்கல் வருவது மதிப்புக் கணக்கில்தான், ஏனென்றால் எந்த நாட்டுப் பொருள் என்று நிரூபிக்க முடியாத மூலப்பொருளும் வெளிநாட்டுப் பொருளாகவே எண்ணப்படும்.

ஓர் ஆடையின் எஃப்ஓபி மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தோனேசிய விஸ்கோஸ் நூல் 35 ரூபாய், சீன ஜிப்பும் பிற துணைப்பொருள்களும் 20 ரூபாய், உள்ளூர்க் கடையில் எந்த உறுதிமொழியும் வாங்காமல் எடுத்த சாயமும் தையல் நூலும் 15 ரூபாய் என்றால், மொத்தம் 70 ஆகி, வெளி மூலப்பொருளுக்கு உள்ள 65 என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதே இந்தோனேசிய நூல் ‘ஃபார்ம் ஏ.ஐ’ எனப்படும், இந்த ஒப்பந்தச் சலுகைக்கான மூல நாட்டுச் சான்றிதழோடு வந்திருந்தால், உறுப்பு நாட்டின் மூலப்பொருளை இந்தியப் பொருளாகவே எண்ண ஒப்பந்தம் இடம் தருவதால், வெளி மதிப்பு 35 ரூபாயாகக் குறைந்துவிடும். இரு பிராந்தியங்களின் தொழில்களும் ஒன்றையொன்று தாங்கி வளர்வதற்காகவே வைத்த ஏற்பாட்டை நாமே தூக்கி எறிகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனத்தில், ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருளை வரியின்றி இறக்குமதி செய்ய விடும் அட்வான்ஸ் ஆதரைசேஷன் திட்டத்தில் நூல் வந்துகொண்டிருந்தது. சான்றிதழ் வேண்டுமா என்று நூல் விற்பவர் கேட்டபோது, எப்படியும் வரி இல்லையே என்று எண்ணி, தேவையில்லை என இறக்குமதிப் பிரிவு பதில் அனுப்பிவிட்டது. அந்த நூலில் தைத்த ஆடைக்கான ஃபார்ம் ஏ.ஐ விண்ணப்பத்தில் ஏற்றுமதிப் பிரிவோ, நூலை ஆசியான் பொருளாகவே கணக்குக் காட்டியது. இறக்குமதி செய்த நாட்டின் சுங்கத் துறை பின்னர் சரிபார்ப்பு கேட்டபோது, காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. சலுகை ரத்தாகி, வாங்குபவர் கட்டிய வரி முழுவதும் அடுத்த ஆர்டரின் தொகையிலிருந்து கழிக்கப்பட்டது. நூல் விற்பவரிடம் பின்தேதியில் சான்றிதழ் கேட்கலாம் என்று ஓடினார்கள். நூல் கப்பலேறிப் பன்னிரண்டு மாதங்கள் கடந்துவிட்டதால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. ஆகவே வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆசியான் நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ஃபார்ம் ஏ.ஐ கேட்டு வாங்கி, அதன் நகலை அன்றே ஏற்றுமதிப் பிரிவின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். உள்ளூர் வியாபாரியிடமும், பொருள் எங்கே தயாரானது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொழும்பில் கப்பல் மாறும் சரக்கு

தூத்துக்குடியிலிருந்து புறப்படும் கண்டெய்னர் கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறுவதால் மட்டும் சலுகை போய்விடாது. ஆனால் சரக்கு அங்கே விற்பனைக்குள் நுழையவில்லை என்றும், இறக்கி ஏற்றியதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். அதற்கு, சேருமிடம் வரை முழுப் பயணத்துக்கும் இந்தியாவில் வழங்கப்பட்ட ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) வேண்டும். பயணத்தை இரண்டு பில்களாகப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுங்க எண்

உங்கள் பொருளின் சுங்க எண்ணில் ஆறு இலக்கங்களையும் வாங்குபவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

சிங்கப்பூர்

அங்கே ஆடைகளுக்குச் சுங்கவரியே இல்லை. வாங்குபவர் கேட்டாலன்றி இந்தச் சான்றிதழுக்காக அலைய வேண்டாம்.