பட்டா நிலத்தில் ஆய்வு: விஞ்ஞானிகள் சறுக்கும் இடங்கள்

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் காப்புக்காட்டை ஒட்டிய மாந்தோப்புகளில் யானை இறங்குவது புதுச் சேதி இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். இந்தப் பக்கம் மாம்பழம், கரும்பு, வாழை. இந்த மாதிரி இடத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புத் திட்டம் போட வருகிற ஆய்வாளர்கள் கணக்கில் தவறுவதைவிட அறிக்கை எழுதும்போது தவறுவதே அதிகம்.

இப்படி ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “யானை வழித்தடமான இந்தத் தோப்புகளில் சோலார் வேலியை அகற்ற வேண்டும்.” இதில் மூன்று சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோப்பில் யானை லத்தி (சாணம்) கிடந்தது, வேலியோரம் கால்தடம் இருந்தது. இது கண்ணால் கண்டது. ஆகவே இது வழித்தடம் என்பது ஊகம். மே மாதம் மட்டும் பார்த்திருந்தால், யானை பழத்துக்கு வந்து திரும்பியதா, தோப்பைக் கடந்து போனதா என்றே சொல்ல முடியாது. பழம் இல்லாத மாதங்களிலும் போய்ப் பார்க்க வேண்டும். வேலி போக வேண்டும் என்பது ஆய்வாளரின் விருப்பம். (கம்பியில் நேராகக் கரண்ட் விடுவது சட்டப்படியே குற்றம், அது வேறு பேச்சு.) விருப்பம் இருப்பதில் தப்பே இல்லை. அதை ஆய்வு முடிவு என்ற பெயரில் அனுப்பக்கூடாது. உங்கள் விருப்பத்தோடு தோப்புக்காரர் வாதாடலாம். ‘அறிவியல் சொல்கிறது’ என்றால் அவர் வாயை அடைத்தாயிற்று.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “எனக்கு எந்தப் பக்கமும் கிடையாது, தரவு மட்டும்தான்” என்பார்கள். சரி, யானையை எடுத்துக்கொண்டு நட்சத்திர ஆமையை விட்டது யார்? இத்தனை ஏக்கர் போதும் என்று கோடு கிழித்தது யார்? அதெல்லாம் ஆய்வாளர் எடுத்த முடிவுதானே. பாதுகாப்பு உயிரியலை ‘நெருக்கடித் துறை’ என்று 1985இல் அமெரிக்க உயிரியலாளர் மைக்கேல் சூலே எழுதியபோதே, முழுத் தகவல் கைக்கு வரும் முன் முடிவெடுக்க நேரும் என்பதை ஒளிக்கவில்லை.

அப்புறம், கேட்டைத் திறந்துவிட்டவர் நிலத்தில் மட்டும் கேமரா கட்டிவிட்டு வட்டாரம் முழுக்கப் பேசுவது. “வேணாம், போங்க சார்” என்றவரின் கொல்லை வரைபடத்தில் வெள்ளையாக நிற்கும். பார்க்கிறவர் அங்கே விலங்கே இல்லை என்று நினைத்துக்கொள்வார். ‘பார்க்கவில்லை’ என்பதற்குத் தனி நிறம் கொடுங்கள்.

அவர் ஏன் வேண்டாம் என்றார்? சொந்தப் பட்டாவில் தானாக முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்குத்தான் என்று 2002இல் சட்டம் திருத்தப்படும் வரை இருந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்துப் பெரியவர்களுக்கு இது மறந்திருக்காது. நம்ம நிலத்தில் அரிய உயிர் இருப்பது தெரிந்தால் நிலமே கைவிட்டுப் போகும் என்று அவர்கள் பயந்தால் ஆச்சரியமில்லை. அங்கே சர்வே நம்பரோடு வரைபடத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் போய் உட்கார்ந்தால் ஒரு டீ கூடக் கிடைக்காது. தனியார் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக (வன உயிர்களைக் காக்கும் இடமாக) அரசு அறிவிக்க, உரியவர் தாமாக முன்வந்திருக்க வேண்டும் என்றுதான் வனவிலங்குச் சட்டத்தின் 36-சி பிரிவும் சொல்கிறது.

கிராம சபையில் யாராவது, “அதெல்லாம் இருக்கட்டும் சார், வேலியை எடுக்கணும்னு நீங்க நினைக்கிறீங்களா?” என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லுங்கள். அது உங்கள் கருத்து, லத்தியை எண்ணிக் கிடைத்தது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிக்கையில் பரிந்துரைக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, வேலி போனால் யானை தின்னப்போகும் மாங்காய்க்கு யார் பணம் தருவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.